சூரை விழுங்கிய வெள்ளை மணி

சூரை மீன் என்ன தின்னும் என்று கேட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரத் துரை எங்கள் தாழ்வுபாடு கிராமத்துக்கு வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. ஊரில் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. என் மாமாவுக்கு மட்டும் வியர்த்தது.

சிரிப்பு வந்ததில் பிழையில்லை. எங்கள் கடற்கரையில் மீன் என்றால் நாங்கள் தின்பது. மீன் என்ன தின்னும் என்பது மீனுடைய குடும்ப விஷயம். அதை விசாரிக்க ஓர் ஆள், அதுவும் அரசாங்கச் சம்பளத்தில், கொழும்பிலிருந்து ரயிலேறி, மன்னாரில் இறங்கி, மாட்டுவண்டியில் மணலுக்குள் புதைந்து புதைந்து வந்திருக்கிறார் என்றால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? கோயிலுக்குப் பக்கத்துப் பூவரச மரத்தின் கீழே பள்ளிக்கூடத்து மேசையைப் போட்டு, கதிரையில் அவர் உட்கார்ந்ததும், ஊரில் பாதி வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றது. மீதிப் பாதிக்கு முதலிலேயே வேலை இல்லை. அதனால் அதுவும் வந்தது.

துரையோடு ஒரு மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, கறுப்புக் கோட்டு, சுத்த சைவம். முட்டையைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத குடும்பத்தில் பிறந்த அந்த மனிதருக்கு, முற்பிறப்புப் பலனாக, மீன் குடலை மொழிபெயர்க்கும் உத்தியோகம் கிடைத்திருந்தது. சால்வைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசுவார். ஆகையால் அவருடைய செந்தமிழ் முழுவதும் தடிமன் பிடித்துத்தான் வெளியே வந்தது.

"சூரையானது எவ்வகை உணவை உட்கொள்ளும் என்று துரை அவர்கள் வினவுகிறார்" என்றார்.

கேள்வி என் அப்பாவுக்கு. ஊரில் சூரைக்கு என்று ஆழக்கடலுக்குப் போகிறவர்களில் அப்பா முன்னுக்கு நிற்பவர். அப்பா தலையைச் சொறிந்துவிட்டு, "ஆம்பிடுறதைத் தின்னும்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் இதை இங்கிலீசில் ஒரு பிரார்த்தனை நீளத்துக்குச் சொன்னார். துரை எழுதிக்கொண்டார். பிறகு அடுத்த கேள்வி வந்தது. ஒன்றும் அகப்படாவிட்டால்?

"பட்டினி கிடக்கும். எங்களைப் போலத்தான்."

ஆனால் துரை விடவில்லை. அவர் முகத்தில் ஒரு குழந்தைப்பிள்ளையின் ஆவல் இருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு மனம் இளகிவிட்டது. மணலில் குந்தியிருந்து, கையை வீசி வீசிச் சொல்லத் தொடங்கினார். விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும்தான் சூரைக்குப் பசி. தனியே வராது, பட்டாளமாக வரும். சாளைக்கூட்டத்தைக் கண்டால் அடியாலும் பக்கத்தாலும் வளைத்து மேலே மேலே தள்ளிக்கொண்டு வரும். சாளை பயத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பந்தாகிவிடும். கீழே சூரை, மேலே கடற்பறவை. கடல் உலைப்பானை மாதிரிக் கொதிக்கும். அந்த நேரத்தில் தூண்டிலில் இரை தேவையில்லை. ஒரு வெள்ளைச் சேவலின் இறகைக் கட்டி இழுத்தால் போதும். "மினுங்கினால் சரி. அதுக்குப் பிறகு சூரைக்குக் கண் தெரியாது" என்று முடித்தார்.

அந்தக் காட்சியை நானும் ஒருமுறை கண்டிருக்கிறேன். அழுது அடம்பிடித்து அப்பாவின் வள்ளத்தில் போனேன். சூரைக்கூட்டம் கடலைக் கொதிக்கவைத்த அதே வேளையில் நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தேன். காலையில் தின்ற பிட்டு முழுவதையும் கடலுக்குக் கொடுத்தேன். மீன்கள் வந்து அதை மிச்சம் வைக்காமல் தின்றன. துரையின் பட்டியலில் விடுபட்டுப்போன ஒரு பதார்த்தம் அது. நானும் சொல்லவில்லை.

அப்பா சொன்னதெல்லாம் துரைக்குப் பிடித்திருந்தது. ஆனால் சொன்னதை நம்புவது அவருடைய தொழில் இல்லையாம். வயிற்றை அறுத்துக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஆகவே இனி ஒவ்வொரு நாளும் பிடிபடும் சூரையின் வயிறுகளைக் கிழிக்காமல் தன்னிடம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இனி மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடுதான் இருந்தார். இந்தக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. "கவண்மேந்து ஆள் வயிறு அறுத்துப் பாக்க வந்திருக்கிறார்" என்று யாரோ போகிற போக்கில் வேலிக்கு மேலால் சொல்லியிருக்கிறார்கள். எந்த வயிறு என்று மாமா கேட்கவே இல்லை. சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, "அக்கா, நான் கொண்டச்சிக்குப் போட்டு வாறன்" என்றார். எதற்கு என்று அம்மாவும் கேட்கவில்லை. அவர் சொல்லி முடிக்குமுன் பனங்கிழங்கு இடித்த ஒடியல் மாவும் கருவாடும் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். கொண்டச்சி சும்மா பக்கத்து ஊர் இல்லை. மன்னார்த் தீவைக் கடந்து, முசலிப் பக்கம் தெற்கே நடந்து போக வேண்டும்.

எனக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. மாமாவுக்கு வயிறு என்ற சொல்லே ஆகாது என்பது எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு சிலாவத்துறையில் சலாபம் நடந்தது. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. அரசாங்கம் நாள் குறித்து, காவல் போட்டு, கடலுக்குள் ஆள் இறக்கி நடத்துவது. மாமா அதில் மூச்சடக்கிச் சிப்பி அள்ளப் போனார். முடிந்து வந்த கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நாலு நாள். அம்மா ஆமணக்கெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். அந்த நாலு நாளும் என்னைக் கொல்லைக்கு ஒதுங்கும் பின்வளவுப் பக்கமே போகவிடவில்லை. 'அப்படி வருத்தப்பட்ட மனிதர், வயிறு அறுக்கும் துரை என்றதும் பயந்துவிட்டார், பாவம்' என்று நானே நினைத்துக்கொண்டேன். அந்த வயதிலேயே எனக்கு எல்லாம் விளங்கும்.

மூன்றாம் நாள், "மீன் வயிறுதானாம்" என்று அம்மா யாரிடமோ சொல்லியனுப்ப, மாமா திரும்பி வந்தார். சட்டையை இப்போது சரியாகப் போட்டிருந்தார்.

இதற்கிடையில் ஊரில் சிரிப்பு நின்று யோசனை தொடங்கியிருந்தது. தொடக்கிவைத்தவர் என் பெரியம்மா, அப்பாவின் அண்ணனுடைய பெண்சாதி. அவர் ஒரு விஷயத்தைச் சொன்னால் கோயில் மணிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

"குடல் பாக்கிறதுக்கு ஒரு வெள்ளைக்காரன் சீமையிலை இருந்து வருவானே? விசரே உங்களுக்கு? உவன் தேடுறது முத்து! சூரை போய்ச் சிப்பியை முழுங்குது. சிப்பி கரைஞ்சு போகுது, முத்து வயித்துக்கை கிடக்குது. அது கவண்மேந்துக்குத் தெரிஞ்சுபோச்சு."

அப்பா சிரித்தார். "சூரை மேல்தண்ணியிலை ஓடுற மீன் மச்சாள். நிலத்திலை கிடக்கிற சிப்பியைத் தின்ன அது என்ன திருக்கையே?"

"நீ அதின்ர வயித்துக்கை இறங்கிப் பாத்தனியே?" என்றார் பெரியம்மா.

ஊர் பெரியம்மாவின் பக்கம் சாய்ந்தது. மன்னார்க்காரனுக்கு எந்த விஷயமும் கடைசியில் முத்தில்தான் போய் முடியும். வேறு ஊரில் அரசாங்கம் குழி தோண்டினால் பாதை போடுகிறார்கள் என்பார்கள். எங்கள் ஊரில், கடலில் மீன் வயிற்றைத் தொட்டாலும் முத்து என்போம். அடுத்த நாளிலிருந்து வள்ளம் கரைதட்டியதும் பெண்கள் கத்தியோடு ஓடினார்கள். தலைமையில் பெரியம்மா. ஒவ்வொரு சூரையையும் பிளந்து, குடலைப் பிதுக்கி, விரலால் தடவி, ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் துரைக்கு அனுப்பினார்கள். துரையின் மேசைக்குப் போன வயிறுகள், பஞ்சு பிடுங்கிய தலையணை மாதிரிப் போயின. அவர் அவற்றைக் கவலையோடு புரட்டிப் பார்த்து, ஏதோ எழுதினார். தாழ்வுபாட்டுச் சூரைகள் எல்லாம் நோன்பு இருப்பதாக எழுதினாரோ என்னவோ.

இங்கேதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. என் மூளை அடிக்கடி வேலை செய்வதில்லை. செய்த நாள்களில் எல்லாம் எனக்கு அடி விழுந்திருக்கிறது.

பெரியம்மாவைப் பேய்க்காட்டி ஏமாற்ற வேண்டும். ஒரு சூரையின் வயிற்றில் முத்து மாதிரி ஒன்றை வைக்க வேண்டும். அவர் அதைக் கண்டெடுத்து, கூக்குரலிட்டு, ஊரைக் கூட்டி, மாதாவுக்கு நேர்த்தி வைத்து முடித்த பிறகு, "அது கண்ணாடி மணி பெரியம்மா" என்று நான் சொல்ல வேண்டும். இதுதான் திட்டம். மணி எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அலுமாரிக்குள் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் அம்மாவின் தோடு. ஒவ்வொரு தோட்டின் கீழேயும் ஒரு வெள்ளை மணி தொங்கும். கோயில் திருவிழாவுக்கு மட்டும் அம்மா அதைப் போடுவார். போட்ட அன்று யாராவது அவர் காதைப் பார்த்தாலே போதும், கேட்குமுன்பே, "கண்ணாடிதான், பெட்டி வியாபாரியிட்டை வாங்கினது" என்பார். இத்தனை பேரிடம் இத்தனை முறை தன் நகையைக் குறைத்துச் சொன்ன வேறு ஒரு பெண்ணை நான் இந்த வயது வரை கண்டதில்லை.

ஒரு தோட்டின் மணியைக் கம்பியிலிருந்து நெம்பி எடுத்தேன். விளையாட்டு முடிந்ததும் திருப்பிக் கோத்துவிடலாம். திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அன்று புதன். நிறைய நேரம் இருந்தது.

மறுநாள் காலையில் அப்பாவின் வள்ளம் வந்தது. நல்ல மீன்பாடு. மணலில் வரிசையாகச் சூரைகள் கிடந்தன. எல்லாவற்றிலும் பெரியது, என் நெஞ்சளவு நீளமானது, வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. சூரை எதையும் சப்பித் தின்னாது, முழுசாக விழுங்கும். ஆகையால் அதன் தொண்டை எங்கள் கோயில் உண்டியலைவிட வசதியானது. பெண்கள் வந்து சேருமுன் மணியை உள்ளே போட்டு, ஒரு பனையீர்க்கால் தள்ளித் தள்ளி வயிற்றுக்குள் அனுப்பினேன். பிறகு வள்ளத்துக்குப் பின்னால் போய், சிரிப்பதற்குத் தயாராக உட்கார்ந்தேன்.

பெரியம்மா வந்தார். கத்தியை எடுத்தார். அந்தப் பெரிய சூரையின் மேல் கையை வைத்தார். அதே நேரத்தில் பின்னால் ஒரு நிழல் விழுந்தது. துரை! கிழிந்த வயிறுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், அன்று தானே கரைக்கு இறங்கி வந்துவிட்டார். பெரியம்மாவின் கைக்குக் கீழேயிருந்த சூரையை மரியாதையாக வாலில் பிடித்து, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மேசையை நோக்கி நடந்தார்.

நான் சிரிப்பதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. அந்த நேரத்தில் என்னைப் பார்த்தவர்களுக்கு எனக்கும் மணலில் கிடந்த மற்றச் சூரைகளுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

கூட்டத்துக்குள் புகுந்து மேசையருகே போனேன். அம்மாவும் மீன் கழுவிய கையோடு வந்து நின்றார். மாமா சற்றுத் தள்ளி, எதற்கும் ஓடுவதற்கு வசதியான ஓரிடத்தில் நின்றார். மன்னார்ப் பட்டணத்திலிருந்து மீன் வாங்க வந்திருந்த, நாங்கள் காக்கா என்று மரியாதையாகக் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியும், மீனைக் கூடையில் அடுக்கியபடியே எட்டிப் பார்த்தார்.

துரை வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக ஒரு வெள்ளைத் தட்டில் அடுக்கினார். சாளைகள், தலை முதல் வால் வரை முழுசாக. பாதி கரைந்த ஒரு பறவைமீன், செட்டை இன்னும் விரிந்தபடி. கணவாயின் சொண்டு, கிளிமூக்கு மாதிரி. ஒரு பிடி இறால் குஞ்சு. கடைசியில் விரல் நீளத்தில் ஒரு குட்டி மீன். அப்பா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுகும் சூரைதான்" என்றார்.

"சொந்தப் பிள்ளையையே தின்னுதே!" என்றார் பெரியம்மா. பிறகு யோசித்துப் பார்த்து, "ஏன், எங்கட ஊரிலையும் உப்பிடி ஆக்கள் இருக்கினம்தானே" என்றார்.

அப்போது தட்டில் டிங் என்று ஒரு சத்தம்.

அடுத்த விநாடி, அப்பா சொன்ன அந்தக் கடல் கொதிப்பு எங்கள் பூவரச மரத்தின் கீழே நடந்தது. முத்து! முத்து! அடியாலும் பக்கத்தாலும் ஆள்கள் வந்து மோதினார்கள். சாளைப் பந்தைப் போல நடுவில் அகப்பட்டவர் மொழிபெயர்ப்பாளர். அவருடைய சால்வை கணவாய்ச் சொண்டோடு சேர்ந்து மேசையில் கிடந்தது. "நான் சொன்னனான்! நான் சொன்னனான்!" என்று பெரியம்மா எல்லாருடைய தலைக்கும் மேலால் கடற்பறவை மாதிரிக் கூவிக்கொண்டிருந்தார்.

துரை பூதக்கண்ணாடியை எடுத்தார். மணியைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பல்லில் உரசிப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் எதையோ சொன்னார். அவர் மூக்கைப் பொத்த மறந்து, முதல்முறையாகத் தெளிவான தமிழில் சொன்னார்.

"இது உண்மையான முத்து. இந்தக் கடலின் முத்து. ஆனால் இதில் துளை இருக்கிறது. இது ஒரு பெண்ணின் காதில் தொங்கிய முத்து."

எனக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. கண்ணாடி மணி முத்தாகிவிட்டதா? ஒரு காலை நேரத்துக்குள்? சூரையின் வயிற்றுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

ஆனால் கூட்டத்தின் யோசனை வேறு பக்கம் ஓடியது. "சேசுவே! மீன் ஒரு பொம்பிளையைத் திண்டிட்டுது!" என்று பெரியம்மா அலறினார். அவ்வளவுதான். பெண்கள் ஒருவர் காதை ஒருவர் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டில் இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்கள். வியாபாரிக் காக்கா கூடையில் அடுக்கிய மீனைத் திரும்ப மணலில் கொட்டினார்.

"அல்லாவே, மனிசரத் தின்ற மீன நான் யாருக்குக் கொண்டுபோய் விக்கிற? எனக்கு வேணாம் தம்பி. இனி இந்தக் கரையில சூரையே வேணாம்."

அப்பாவின் முகம் விழுந்தது. ஒரு நாள் மீன் மட்டும் அல்ல. இந்தக் கதை பட்டணத்துக்குப் போனால் தாழ்வுபாட்டுச் சூரையை ஒரு வருஷத்துக்கு ஒருவரும் தொடமாட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றுதான்.

போதாக்குறைக்கு மொழிபெயர்ப்பாளர் இன்னொன்றும் சொன்னார். "இது யாருடையதாயினும் அவர் முன்வந்து கூறலாம். எங்கே, எப்போது, யாரிடம் பெற்றது என்பதையும் கூற வேண்டும். இந்தக் கடலின் முத்து அரசாங்கத்துச் சொத்து."

நான் கெட்ட பிள்ளைதான். ஆனால் அப்பாவின் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கும் அளவுக்குக் கெட்டவன் இல்லை. அடி விழுந்தால் விழட்டும். ஒன்று சொன்னால் மீனும் விலைப்படும், அம்மாவின் மணியும் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் எல்லாம் சரியாகிவிடும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"துரை, அது எங்கட அம்…"

மீன் நாறும் ஒரு கை என் வாயை வந்து பொத்தியது. அம்மாவின் கை. இன்னும் இரண்டு சாளைச் செதில் அதில் ஒட்டியிருந்தது. அது என் நாக்குக்கு வந்தது.

"பொத்திக்கொண்டு நில்" என்றார் அம்மா, உதடு அசையாமல். நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கண் என் மேல் இல்லை. கூட்டத்தைத் தாண்டி மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் முகம், கழுவி வைத்த கணவாயின் நிறத்தில் இருந்தது.

மாமா ஓடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. முன்னால் வந்தார்.

"ஐயா, துரையிட்டை ஒண்டு சொல்லுங்கோ" என்றார். செருமிக்கொண்டார். "தூத்துக்குடிக் கப்பல் எல்லாம் உந்தக் கடலாலைதானே கொழும்புக்குப் போகுது? அதிலை ஒரு துரைசானி வந்திருப்பா. கடல் பழக்கமில்லாட்டில் என்ன நடக்கும்? விளிம்பிலை குனிஞ்சு நிண்டு சத்தி எடுத்திருப்பா. குனியேக்கை தோட்டிலை இருந்த முத்துக் கழண்டு விழுந்திருக்கும். மினுங்கிக்கொண்டு விழுறதைச் சூரை விடுமே? நிலத்துக்குப் போக முதல் கவ்வியிருக்கும். துரைசானி இப்ப கொழும்பிலை சுகமாய் இருப்பா."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லச் சொல்லத் துரையின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பேசத் தொடங்கினார். நடுக்கடல் என்பது பாலைவனம் மாதிரியாம். இரை எப்போதாவதுதான் தென்படுமாம். சூரை நீந்துவதை நிறுத்தினால் மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். அதனால் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஓடுகிறவனுக்குப் பசி அதிகம். ஆகவே கண்ணில் பட்டது அசைந்தால், மின்னினால், யோசிக்காமல் விழுங்கிவிடுமாம். மணத்துப் பார்ப்பதில்லை, ருசி பார்ப்பதில்லை. இந்த மனிதர் சொன்னதுதான் சரியான விளக்கம் என்று சொல்லி, இரண்டு பக்கம் எழுதினார்.

மாமா பிடிபட்ட கையைத் திரும்ப எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதற்குள் அது நனைந்திருந்தது.

"அப்ப பொம்பிளையைத் தின்னேல்லையே?" என்று பெரியம்மா கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார். வியாபாரிக் காக்கா மணலில் கொட்டிய மீனைத் திரும்பப் பொறுக்கிக் கூடையில் அடுக்கினார். துரை முத்தை ஒரு சின்னப் போத்தலில் போட்டு, தக்கையால் அடைத்து, காகிதம் ஒட்டி, பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் மாட்டுவண்டி ஏறிப் போனார். முத்தும் போனது.

முத்து அகப்பட்ட அன்று, வீட்டுக்கு வந்து அடிக்காகக் காத்திருந்தேன். பூவரசங்கம்பு முறிக்கும் சத்தம் கேட்கவில்லை. அம்மா சோறு போட்டு, சூரைக் குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்து எனக்கு வைத்தார். மாமா என் தலையைத் தடவினார். அடி விழ வேண்டிய இடத்தில் மீன் துண்டு விழுந்தால் எந்தப் பிள்ளைக்கும் பயம் வரும்.

அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு தோடு மொட்டையாக இருந்தது. மற்றதில் மணி தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை அம்மா எதைப் போடுவார்? அவருடைய ஒரே ஆசை அந்தத் தோடு. அதைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தவன் நான். திருப்பிக் கொடுக்க வேண்டியவனும் நான்தான்.

அப்போதுதான் என் மூளை, அந்த வாரத்தில் இரண்டாம் முறையாக, வேலை செய்தது. கண்ணாடி மணி உள்ளே போனது, முத்து வெளியே வந்தது. ஊரே கண்ட சாட்சி. துரையே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்ன விஷயம். ஆகவே வயிறுதான் மணியை முத்தாக்குகிறது. இனி அடுத்த சூரைக்கு விடியும்வரை எப்படிக் காத்திருப்பது? வயிறு என்றால் எல்லாம் வயிறுதானே. சாளை தின்கிற வயிறுதான் என்னுடையதும்.

மற்ற மணியைக் கழற்றி, அந்தோனியாரை நினைத்து, ஒரு செம்பு தண்ணீரோடு விழுங்கினேன்.

பிறகு ஆடாமல் அசையாமல் பாயில் படுத்தேன். அதிகம் அசைந்தால் முத்து கோணலாக வளரும் என்று ஒரு எண்ணம். சூரை ஓடிக்கொண்டே இருக்கும் என்று துரை சொன்னது நடுவில் ஞாபகம் வர, எழுந்து வளவைச் சுற்றி ஏழெட்டு முறை ஓடினேன். திரும்பி வந்து மறுபடியும் படுத்தேன்.

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தது அன்று மத்தியானம்.

"மற்றது எங்கையடா?"

வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "முத்தானாப் பிறகு தாறன் அம்மா. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் ஆயிடும்."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறார் என்று பயந்தேன். "தம்பி! இஞ்சை ஓடி வா!" என்று மாமாவைக் கூப்பிட்டார். மாமா வந்தார், விஷயத்தைக் கேட்டார், சுவரோடு சரிந்து அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கோழிகள் வேலிக்கு மேல் ஏறின. மூச்சு விடும் இடைவெளியில் அம்மா ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சினார். மாமா என் மூக்கைப் பிடித்து ஊற்றினார். ஊற்றிய கை பழகிய கை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் பின்வளவு என்னுடைய இராச்சியம். மாமா ஒரு தடியோடு வேலியோரம் காவல் இருந்தார். பெரியம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டார். "வயித்துக்குத்து" என்றார் மாமா, துரையிடம் கப்பல் கதை சொன்ன அதே மரியாதையோடு.

சனிக்கிழமை மாலை மணி வெளியே வந்தது. அம்மா அதை உப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணாடிதான்" என்றார்.

நான் ஓவென்று அழுதேன். அதைப் பார்த்து அவர்களுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, நீ நாலு நாள் எடுத்தனி. உவன் ரெண்டு நாளிலை முடிச்சிட்டான்" என்றார் அம்மா.

"என்ர மருமோன் எல்லே அக்கா? ஆனால் பாவம், வயித்துராசி இல்லை."

மறுநாள் திருவிழாவில் அம்மா தோடு போட்டிருந்தார். ஒரு காதில் நான் விழுங்கித் தந்த மணி. மற்றக் காதில் பெட்டி வியாபாரியிடம் அவசரமாக வாங்கிய இன்னொரு மணி. இப்போது இரண்டும் சத்தியமாகக் கண்ணாடி. ஆனால் அன்று யார் பார்த்தாலும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

நான் வளர்ந்து மன்னாரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்த பிறகு, முன்னாளில் சலாபத்தில் காவல் பார்த்த ஒரு கிழவர் தன் வீரப்பிரதாபங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். குளிக்கிறவர்களின் குடுமியை அவிழ்த்துப் பார்ப்பார்களாம், காது, மூக்கு, கோவணம் எல்லாம் சோதிப்பார்களாம். "ஆனால் வள்ளத்திலையே சிப்பியைத் திறந்து முத்தை முழுங்கிப்போட்டு வாறவனை என்ன செய்யிறது தம்பி? வயித்துக்கை எப்பிடிப் பாக்கிறது? வீட்டை போய் நாலு நாளைக்குப் பிறகு எடுப்பான்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஒரு முத்துக்கு ஒரு தோடுதான் வரும். இரண்டாம் காதுக்கு அதே அளவில் ஒரு கண்ணாடி மணியைத் தேடிப் பிடித்திருக்கிறார் அம்மா. இரண்டில் ஒன்றை எடுக்கப் போன என் கை, இருட்டு அலுமாரிக்குள்ளும் சரியானதைத்தான் எடுத்திருக்கிறது. அரசாங்கத்தின் முத்தை மாமா தன் வயிற்றில் வைத்து வெளியே கொண்டுவந்தார். நான் அதை மீன் வயிற்றில் வைத்து அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை இதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. எனக்கு விளங்கியது ஒன்றுதான்: என் வயிறு சூரையின் வயிற்றுக்கு ஈடில்லை, இன்னும் பலப்பட வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், இராச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட இரண்டு துண்டு மீன் கூடக் கேட்டு வாங்கி, ஒன்றையும் சப்பாமல் விழுங்கினேன்.